அக்கா ஆறில் ஐந்து தடவை சரியாகச் சொன்னார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் ஒயின் சுவைப்பவர்களைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கோபம் வந்தது, இரண்டாவது முறை வருத்தம்தான் மிஞ்சியது. கிளாஸைச் சுற்றிவிட்டு "இதில் எலுமிச்சைத் தோல் வாசனை வருகிறது, வெண்ணெய் வாசனை வருகிறது" என்று சொல்பவர்கள் எல்லாம் பணக்காரர்களை ஏமாற்றிப் பிழைப்பவர்கள் என்று எழுதியிருந்தார் உங்கள் கட்டுரையாளர். நான் அந்த வேலையை இருபத்தாறு வருஷம் செய்தவன். பயணிகள் கப்பலில் பாத்திரம் கழுவப் போய்ச் சேர்ந்து, பிறகு பரிமாறுபவனாகி, கடைசியில் ஒயின் ஸ்டூவர்டாக ஓய்வு பெற்றேன். பிறந்தது காசிமேடு, இப்போது இருப்பது இராயபுரம். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் தெருவில் குடியால் தாலி அறுந்த வீடுகள் எனக்குத் தெரியும், அந்த வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேரை நானே கப்பல் வேலைக்குச் சேர்த்துவிட்டிருக்கிறேன். ஒயின் சுவைத்து மதிப்பிடுவது வேறு வேலை. அந்த வேலையில் இருப்பவன் விழுங்க மாட்டான், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவான். அதற்கென்றே பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். ஒரு காலையில் நாற்பது ஒயின் பார்க்க வேண்டியிருக்கும்போது விழுங்கினால் ஐந்தாவதிலேயே நாக்கும் போய்விடும், புத்தியும் போய்விடும்.

உங்கள் கட்டுரையாளர் பெரிதாக நம்பியிருப்பது 2001-இல் பிரான்சில் போர்தோ நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையை. ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள், அப்புறம் அதே வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், மாணவர்கள் சாயம் போட்டதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். இது நடந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து "மூக்கு வேலை செய்யாது" என்ற முடிவுக்கு எப்படி வந்தார்? கண் மூக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டியது. அது தெரிந்துதான் இந்தத் தொழிலில் லேபிளை மறைத்து ஊற்றுகிறார்கள், நிறமும் தெரியக்கூடாது என்றால் கறுப்புக் கண்ணாடி கிளாஸே இருக்கிறது. கண் ஏமாற்றும் என்று கண்டுபிடித்தவர்களும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள்தான், அதற்கு வழி செய்தவர்களும் அவர்கள்தான்.

சரி, வாதம் போதும், நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி மகனும் கப்பலில்தான் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வரும்போது ஒரே பெட்டியில் இருந்த இரண்டு பாட்டில் மெர்சோ எனக்காகக் கொண்டு வந்தான், 2017-ஆம் ஆண்டு அறுவடை. மெர்சோ என்பது பிரான்சின் கிழக்குப் பக்கம் பர்கண்டி பகுதியில் ஒரு கிராமம். அந்த ஊர் வெள்ளை ஒயின் ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. பக்கத்துக் கிராமங்கள் புலினி-மோன்ராஷே, ஷாசாஞ்-மோன்ராஷே. எழுத்தில் 'ட்' இருக்கும், வாயில் வராது, மோன்ராஷே என்றுதான் சொல்ல வேண்டும், உங்கள் கட்டுரையில் 'மாண்ட்ராசெட்' என்று அச்சாகியிருந்தது. அந்த மோன்ராஷே என்ற நிலம் மொத்தமே சுமார் எட்டு ஹெக்டேர், நம் கணக்கில் இருபது ஏக்கர். அதற்குள் பல குடும்பங்களுக்குப் பங்கு. அந்த நிலத்துக்கு கிராண்ட் க்ரூ என்ற உச்சத் தகுதி உண்டு, மெர்சோவில் அந்தத் தகுதி பெற்ற நிலம் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த படியான ப்ரெமியே க்ரூ நிலங்கள் உண்டு, பெரியேர், ஷார்ம், ஜெனெவ்ரியேர் என்று. என் பாட்டில்கள் அதற்கும் கீழே, வெறும் கிராமத்துப் பெயர் போட்டவை.

அதில் ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைத்தேன். இன்னொன்றையும் அங்கேதான் வைத்திருந்தேன், அந்த வருஷம் போகிக்கு வீடு சுத்தம் செய்தபோது மருமகள் இடம் போதவில்லை என்று அதை எடுத்துப் பரணில் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பரணுக்கு மேல் மொட்டைமாடித் தளம்தான். அங்கேயே அது இரண்டு கத்தரி வெயிலைப் பார்த்துவிட்டது. இந்தப் பொங்கலுக்குப் பரணை இறக்கும்போது கிடைத்தது. கையில் எடுத்ததும் தக்கை லேசாக மேலே தள்ளிக்கொண்டு நின்றது, மூடியின் ஓரத்தில் பிசுபிசுப்பு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கொட்டிவிட மனம் வரவில்லை, வீட்டிலேயே ஒரு சோதனைக்குப் பயன்படட்டும் என்று எடுத்து வைத்தேன். உங்கள் கட்டுரை வந்த அன்று சாயங்காலமே அதற்கு வேளை வந்தது.

சோதனைக்கு உட்கார வைத்தது என் அக்காவை. அறுபத்தெட்டு வயது, நாற்பது வருஷம் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்றவர். ஒயின் வாசனையே அறியாதவர். வாயில் வைக்க மாட்டேன், மோந்து மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார், அதுவே போதும் என்றேன். இதற்கு மூன்று கிளாஸ் சோதனை என்று ஒன்று உண்டு, உணவுத் தொழிற்சாலைகளிலும் செய்வார்கள். மூன்று கிளாஸில் இரண்டு ஒன்றே, ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது, எது விலை உயர்ந்தது என்ற கேள்வியே கிடையாது. ஃபிரிட்ஜ் பாட்டிலையும் பரண் பாட்டிலையும் என் மகன் சமையலறையில் ஊற்றி எடுத்து வந்தான், எதில் எது என்று எனக்கும் தெரியாது, ஏனென்றால் எனக்குத் தெரிந்தால் என் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிடுவார். நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

ஆறு சுற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னால் சராசரியாக ஆறில் இரண்டுதான் சரியாக வரும். அக்கா ஐந்து சொன்னார். சும்மா அடித்து விட்டு ஐந்தோ ஆறோ சரியாக வருவதற்கு நூற்றில் இரண்டு தடவைகூட வாய்ப்பில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தவறவிட்டது நாலாவது சுற்று. அப்போது பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்க ஆரம்பித்திருந்தார்கள், ஜன்னலை மூடிவிட்டு அடுத்ததைத் தொடர்ந்தோம்.

சரியாகச் சொன்னதைவிட அவர் எப்படிச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியம். முதல் சுற்றிலேயே மூன்றாவது கிளாஸைத் தள்ளி வைத்து, "இன்னாடா இது, இதுல மட்டும் வெட்டி வெச்சுக் கறுத்துப்போன ஆப்பிளு வாசனை வருது, மத்த ரெண்டும் சுத்தமா கீது" என்றார். ஆசிரியர் அவர்களே, உலகம் முழுக்க ஒயின் பள்ளிகளில் காற்றுப்பட்டுக் கெட்ட வெள்ளை ஒயினுக்குச் சொல்லித் தருவது இதே வார்த்தைதான், அடிபட்ட ஆப்பிள். அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெயிலில் கிடந்த பாட்டிலுக்குள் தக்கை வழியாகக் காற்று போய், சூடு அதை வேகப்படுத்தி, ஒயின் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுத்து வாடிவிட்டது. வெட்டின ஆப்பிள் கறுப்பதும் ஆக்சிஜனால்தான். அந்த வாசனை யாருடைய கற்பனையும் கிடையாது, அந்தத் திரவத்துக்குள் இருக்கும் பொருள்.

அக்காவுக்கு இது வந்தது எனக்கு ஆச்சரியமில்லை. விடியற்காலையில் விளக்கு வெளிச்சத்தில் ஏலம் போகும்போது வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒரு தடவை மோந்து, விரலால் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்து, அன்றைக்கு வந்த மீனா தங்கல் படகில் நாலு நாள் ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுவார், அதை நம்பித்தான் பணம் கட்டுவார். தப்பினால் அன்றைய முதல் போயிற்று. இங்கே வடசென்னையில் மூக்கு இல்லாமல் வாழ முடியாது, ஐயா. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம், மணலிப் பக்கத்து வாடை வேறு, கொடுங்கையூர்க் குப்பை எரியும் வாடை வேறு, கடற்காற்று வேறு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் ஓடையில் எண்ணெய் கலந்தபோது கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்கால் அறிந்தவர்கள் அந்தக் கரைக்காரர்கள். வாசனையை வைத்து மதிப்பிடுவது பணக்காரர் வித்தை என்று எழுதியது இந்த மக்களையும் சேர்த்துத்தான் குத்துகிறது, கட்டுரையாளர் அப்படி நினைத்து எழுதவில்லை என்றாலும்.

இப்போது நல்ல பாட்டிலுக்கு வருகிறேன். ஒரு வெள்ளை பர்கண்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வாசகர்கள் ஒரு தடவையாவது ஒழுங்காகப் படிக்கட்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றக் கூடாது. உங்கள் கட்டுரையின் ஓரத்தில் பெட்டி கட்டி, 'வெள்ளை ஒயினை ஜில்லென்று ஐஸ் போட்டுக் குடிக்க வேண்டும்' என்று போட்டிருந்தீர்கள். மெர்சோவை அப்படிச் செய்தால் அத்தனையும் வீண். ஃபிரிட்ஜுக்குள் நாலைந்து டிகிரி இருக்கும், அந்தக் குளிரில் வாசனை மேலே எழும்பவே எழும்பாது. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த சாம்பாரைக் காலையில் எடுத்த உடனே மோந்து பாருங்கள், பிறகு சூடாக்கி மோந்து பாருங்கள், விஷயம் புரியும். பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இது பேச ஆரம்பிக்கும். சில வருஷம் முன்னால் இந்த ஊரில் ஒரு பெரிய விருந்தில் புலினி-மோன்ராஷே பாட்டிலை ஐஸ் வாளிக்குள் கழுத்து வரை முக்கி வைத்து, எலும்பு உறையும் குளிரில் குறுகலான கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள். தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்தவர் காய்ச்சலா என்று கேட்டார். நம் ஊர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் போதும், கிளாஸ் வாய் குறுகி வயிறு அகலமாக இருக்க வேண்டும்.

ஊற்றியதும் வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பார்த்தேன். வெளிறின வைக்கோல் நிறம், ஓரத்தில் ஒரு சிட்டிகை பச்சை. எட்டு வருஷ ஒயினுக்கு இது நல்ல அடையாளம். பக்கத்தில் பரண் பாட்டிலை ஊற்றினால் நீர்த்த தேன் மாதிரி, பழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. வெயில் படாமலே இப்படி ஆகிற கதையும் உண்டு. 1990-களின் நடுவில் அறுவடையான வெள்ளை பர்கண்டிகளில் தொடங்கி, பத்து இருபது வருஷம் தாங்க வேண்டிய பாட்டில்கள் ஐந்தாறு வருஷத்திலேயே இப்படிப் பழுத்துப்போவதைப் பார்த்து உலகமே கலங்கியது. ஒரே பெட்டியில் ஒன்று நன்றாக இருக்கும், அடுத்தது செத்திருக்கும். தக்கையா, ஒயின் கெடாமல் இருக்கப் போடும் கந்தகத்தைக் குறைத்துப் போட்டதா, திராட்சையைப் பிழியும் விதம் மாறியதா என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'பழையதாக ஆக ஆக ருசி கூடும்' என்று நீங்கள் போட்டதையும் இதனால்தான் திருத்தச் சொல்கிறேன், உலகத்தில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்துக்குள் தீர்க்க வேண்டியது.

சுற்றாமல் முதலில் மோந்து பார்க்க வேண்டும். எழுந்தது தீக்குச்சி கிழித்த வாசனை, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் நிற்குமே அதில் ஒரு துளி. பயப்பட வேண்டாம், காற்றுப்படாமல் ஈஸ்ட் வண்டலோடு ரொம்ப நாள் இருந்த ஒயினில் இது வரும், அளவோடு இருந்தால் அழகு. முதல் மோப்பத்தில் தேடிப் பார்க்க வேண்டிய இன்னொன்று நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. மழையில் நனைந்து மூலையில் கிடக்கும் அட்டை. அது வந்தால் தக்கைக் கோளாறு, பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதற்குக் காரணமான பொருள் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகின மூக்கு கண்டுபிடித்துவிடும். கப்பலில் என் வேலையில் பாதி அதுதான், பயணியின் மேசைக்குப் போவதற்கு முன்னால் கெட்ட பாட்டிலைத் தடுப்பது. இதில் என்ன ஏமாற்று?

பிறகு சுற்றினேன். சாத்துக்குடியைக் கையால் உரிக்கும்போது விரலில் தெறிக்குமே அந்தத் தோல் எண்ணெய், வறுத்த முந்திரி, டீக்கடையில் அப்போதுதான் சூடாக்கின பன், அதன்மேல் வெண்ணெய். வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் கிண்டலாகக் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி, விடை உண்டு. திராட்சையில் பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான ஒரு புளிப்பு இருக்கிறது, மாலிக் அமிலம். ஒயின் நொதித்து முடிந்த பிறகு பாக்டீரியா அதைத் தின்று தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. மாங்காய் கடித்தது போன்ற புளிப்பு மோர்ப் புளிப்பாக இறங்கிவிடும். அந்த மாற்றத்தில் டையாசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது, நிஜமான வெண்ணெயில் வெண்ணெய் வாசனையைத் தருவதும் அதே டையாசெட்டில்தான். முந்திரி, பன் வாசனையெல்லாம் 228 லிட்டர் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலிலிருந்தும். அந்த வண்டலை நீளமான கோலால் கலக்கிவிடுவார்கள், நம் வீட்டில் அடிப்பிடிக்காமல் பாயசத்தைக் கிண்டுவது போல மெதுவாக.

வாயில் வைத்தபோது முன்னால் வழவழப்பு, அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு ஏறி எச்சில் ஊறியது, கடைசியில் கொஞ்சம் உப்புக்கரிப்பு. அந்த உப்புக்கரிப்பைச் சுண்ணாம்புக்கல் மண்ணின் ருசி என்று விற்பவர்கள் உண்டு, அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வேர் கல்லைக் கரைத்துப் பழத்துக்குள் அனுப்புவதில்லை. மண் செய்வது வேறு, தண்ணீரை எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறது, சரிவில் சூரியன் எப்படி விழுகிறது, இதெல்லாம் சேர்ந்து பழம் மாறும், அதனால்தான் நாலு வரிசை தள்ளி இருக்கும் கொடி வேறு ஒயின் தருகிறது. பர்கண்டியில் அந்தச் சின்னச் சின்ன நிலத்துண்டுகளுக்கு யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கொடுத்தது. வடக்கே ஷப்லி என்ற ஊரில் மண்ணையே கையில் எடுத்தால் குட்டிக் குட்டிச் சிப்பிப் படிவங்கள் கிடைக்கும், ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். நம் பழவேற்காட்டுக் கரையில் வளர்ந்தவன் யாராக இருந்தாலும் அதைக் கையில் வாங்கினால் சொந்த ஊர் நினைப்பு வரும்.

துப்பிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் தரத்தின் பெரிய அளவு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்குக் கோதலி என்று ஒரு அலகே வைத்திருக்கிறார்கள், ஒரு கோதலி என்றால் ஒரு விநாடி. நான் எண்ணினேன், பதினெட்டு வரை வந்து தேய்ந்துவிட்டது. பரண் பாட்டில் ஐந்தைத் தாண்டவில்லை, கசப்புதான் மிஞ்சியது. கப்பலில் ஒரு தடவை, பயணி ஒருவர் வாங்கின, ஷவாலியே-மோன்ராஷே என்ற இன்னொரு கிராண்ட் க்ரூ ஒயினில் மரியாதைக்கு எனக்குக் கொஞ்சம் ஊற்றினார். படி இறங்கிக் கீழ்த்தளம் போய்ச் சேர்ந்த பிறகும் வாயில் இருந்தது. அதை நான் எண்ணவே இல்லை, எண்ணத் தோன்றவில்லை.

ஆகவே என் மதிப்பீடு: நேர்மையாகச் செய்யப்பட்ட, நல்ல கிராமத்து மெர்சோ. நடுவில் கொஞ்சம் மெலிவு, பீப்பாய் வாசனை ஒரு விரற்கடை அதிகம். இன்னும் இரண்டு வருஷம் தாங்கும், அதற்கு மேல் வைக்க மாட்டேன். 2017 அங்கே வெள்ளைக்கு நல்ல வருஷம், அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கொன்றுவிட்டதால், இந்தத் தடவை பயந்துபோன விவசாயிகள் விடியற்காலையில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள், உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராக அடிக்காமல் மறைப்பதற்காக. நம் போகிப் பண்டிகை விடியலை அந்த மலைச்சரிவில் வைத்துப் பாருங்கள், அப்படித்தான் இருந்திருக்கும்.

இதே ஒயினுக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டையே இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய போட்டியில் நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே ஒயினை மூன்று தடவை ஊற்றிப் பார்த்தார்கள், 2008-இல் அந்த முடிவு வெளிவந்தது. பத்து நடுவர்களில் ஒருவர் அளவுக்குத்தான் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க் போட்டிருந்தார்கள். மார்க்கை நம்பிப் பணம் கட்டுபவர்கள் அதைப் படிக்க வேண்டும். மார்க் என்பது மனநிலை. வாசனை, புளிப்பு, வாயில் ருசி நிற்கும் நேரம், கோளாறு, இவை வேறு, இவற்றைத் திரும்பத் திரும்பச் சோதிக்கலாம், எங்கள் வீட்டுத் திண்ணையில் சோதித்த மாதிரி.

பெயருக்கு மயங்கித்தான் மதிப்பிடுகிறார்கள் என்பதற்கும் பதில் உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் மறைத்த பத்து ஷார்டொனேக்களைச் சுவைத்தார்கள், நாலு பர்கண்டி, ஆறு கலிஃபோர்னியா. முதலிடம் கொடுத்தது கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மோன்டலீனா 1973-க்கு, இரண்டாவதாக வந்தது ஒரு மெர்சோ ஷார்ம். சொந்த நாட்டுப் பெருமை முழுக்கப் பணயத்தில் இருக்கும்போது, பெயர் தெரியாத நிலையில் மூக்கும் நாக்கும் சொன்னதை எழுதி வைத்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு தடவை மார்சே துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்ப்புக்கு நின்றபோது லீவு போட்டு ரயிலில் பர்கண்டியில் இருக்கும் போன் (Beaune) என்ற நகரத்துக்குப் போனேன். அங்கே 1443-இல் ஏழைகளுக்காக நிறுவின மருத்துவமனை ஒன்று, வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்றும் நிற்கிறது. மருத்துவமனைக்குச் சொந்தமான தோட்டங்களின் ஒயினை 1859-இலிருந்து வருஷா வருஷம் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள், பணம் தர்மகாரியத்துக்குப் போகிறது. ஏலத்துக்கு முன்னால் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்த இளம் ஒயினை வியாபாரிகள் மோந்து, வாயில் வைத்து, துப்பி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நோட்டில் கிறுக்கிக்கொள்வார்கள் என்று அங்கே ஒயின் நிலவறையில் வேலை செய்யும் ஒருவர் நடித்துக் காட்டினார். எனக்குச் சட்டென்று அக்கா ஞாபகம்தான் வந்தது. ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார், பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் விலை ஏறிவிடும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஐஸ் போடுவதைப் பற்றியும், பழையதெல்லாம் நல்லது என்பதைப் பற்றியும் பெட்டிச் செய்தியில் வந்த தவறுகளை அதே இடத்தில் திருத்திப் போடுங்கள். அடுத்தது, மூக்கையும் நாக்கையும் வைத்து வேலை செய்பவர்களைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், நீலகிரியில் தேயிலை ருசி பார்ப்பவர்களிடம் கேளுங்கள், காப்பிக்கொட்டை வறுப்பவர்களிடம் கேளுங்கள், காசிமேட்டுக்கு விடியலில் ஒரு நாள் வாருங்கள். கட்டுரையாளர் விரும்பினால் எங்கள் வீட்டுக்கும் வரலாம், மூன்று கிளாஸை அவர் கண்ணைக் கட்டி நானே வைக்கிறேன். பரண் பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது, தக்கையை அழுத்தி மூடி வைத்திருக்கிறேன். நல்லதில் ஒரு கிளாஸ் அளவு மிச்சம், அது இந்த வாரத்துக்கு மேல் தாங்காது, சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் ஒயின் ஸ்டூவர்ட்,
இராயபுரம், சென்னை 13